ஃபைப்ரோமயால்ஜியா, தாடை மூட்டு வலி: தமிழில் எப்படிச் சொல்வது?

உடம்பெல்லாம் வலிக்கிறது என்று போனால் டாக்டர் சீட்டில் 'ஃபைப்ரோமயால்ஜியா' என்று எழுதிக் கொடுக்கிறார், வீட்டுக்கு வந்து தமிழில் தேடினால் 'தசைநார் வலி', 'தசைநார் அழற்சி' என்று ஆளுக்கொரு பெயர். முதலாவது அரைகுறை, இரண்டாவது தப்பு.

ஃபைப்ரா என்றால் லத்தீனில் நார். மிஸ் என்றால் கிரேக்கத்தில் தசை (எலிக்கும் அதே சொல்தான், ஏனென்று அந்தக் காலத்துக் கிரேக்கர்களைத்தான் கேட்கணும்). அல்கோஸ் என்றால் வலி. இதற்கு முன் இருந்த பெயர் ஃபைப்ரோசைட்டிஸ், 1904ல் இடுப்பு வலியைப் பற்றிப் பேசும்போது பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் வைத்தது. 'ஐட்டிஸ்' வந்தாலே அழற்சி. ஆனால் அந்தத் தசைகளை ஆராய்ந்தபோது அழற்சி எதுவும் சிக்கவில்லை, அதனால் 1970களில் அந்த வாலை வெட்டிவிட்டு வெறும் வலி என்று பொருள்படும் 'அல்ஜியா'வை ஒட்டினார்கள். அவர்கள் தூக்கிப் போட்டதைத்தான் நாம் 'அழற்சி' என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். அப்புறம் தசைநார் என்று சொன்னால் தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நார்தான் நமக்கு ஞாபகம் வரும், இந்த நோயில் பழுது அங்கே இல்லை.

சரி, தாடைக்கு வருவோம். தாடை மூட்டின் மருத்துவப் பெயரான டெம்போரோமாண்டிபுலர் என்பதில் டெம்போரா நெற்றிப்பொட்டு, மாண்டிபுலா கீழ்த்தாடை, மெல்லுவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. காதுத் துளைக்கு ஒட்டி முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள், உள்ளே ஒரு குமிழ் முன்னும் பின்னும் வழுக்கும், சிலருக்கு 'க்ளிக்'கென்று சத்தமும் வரும். வலியில்லாமல் சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. 1934ல் தாடை மூட்டுக் கோளாறை ஒரு நோய்த்தொகுதியாக எழுதியவர் ஜேம்ஸ் காஸ்டென், அமெரிக்காவில் காது மூக்கு தொண்டை மருத்துவர். பல் போய்க் கடி (மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் சேரும் விதம்) இறங்கி மூட்டு அழுத்துவதால்தான் காதடைப்பும் இரைச்சலும் என்றார். அந்த விளக்கம் நிற்கவில்லை, ஆனாலும் பழியைப் பல் கடி மேலேயே போடும் பழக்கம் ரொம்ப காலம் நீடித்தது.

இரண்டும் சேரும் இடம் நரம்பு மண்டலம். ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களில் நிறையப் பேருக்குத் தாடை வலியும் உண்டு, தாடை வலி உள்ளவர்களில் அதைவிடக் குறைவான பேருக்கே உடம்பு முழுக்க வலி. அமெரிக்காவில் தாடை வலியே இல்லாதவர்களை வருடக்கணக்கில் கவனித்த 'ஓப்பெரா' ஆய்வில், உடம்பில் ஏற்கெனவே வேறு வலிகளும் உபாதைகளும் இருந்தவர்களுக்குத்தான் புதிதாகத் தாடை வலி வர வாய்ப்பு கூடுதலாக இருந்தது. 1983ல் கிளிஃபர்ட் வுல்ஃப் எலிகளில் காட்டியது இதைப் புரிந்துகொள்ள உதவுகிறது: அடிபட்ட பிறகு தண்டுவட நரம்பணுக்கள் உசுப்பேறி, சாதாரணத் தொடுதலுக்கே வலியைப் போல எதிர்வினை செய்ய ஆரம்பிக்கின்றன. ஆங்கிலத்தில் 'சென்ட்ரல் சென்சிடைசேஷன்' எனப்படும் இதற்குத் தமிழில் 'மையக் கூருணர்வு' பொருந்தும் என்பது என் கட்சி.

ஃபைப்ரோமயால்ஜியாவைக் கண்டறிய 2010ல் அமெரிக்க வாதவியல் கல்லூரி (வாதநோய் மருத்துவர்களின் சங்கம்) கொண்டுவந்த அளவுகோலில் வலி இருக்கிறதா என்று கேட்கும் 19 இடங்களில் இடத் தாடையும் வலத் தாடையும் உண்டு. 2016ல் திருத்தியபோது எண்ணிக்கையில் அவற்றை விட்டுவைத்தார்கள், ஆனால் வலி உடம்பு முழுக்கப் பரவியிருக்கிறதா என்று முடிவு செய்ய மட்டும் தாடையை, நெஞ்சை, வயிற்றைச் சேர்க்கக் கூடாது என்றார்கள்.

தமிழில் 'தாடை மூட்டுக் கோளாறு' போதும், யாருக்கும் புரியும். உடம்பெல்லாம் மாதக்கணக்கில் வலிப்பது 'நாட்பட்ட பரவல் வலி'. ஃபைப்ரோமயால்ஜியாவை மட்டும் அப்படியே வைக்கலாம், ஏனென்றால் தூங்கி எழுந்தும் தீராத அசதியும் மறதியும் அதில் சேர்ந்திருக்கின்றன, 'வலி' என்று முடியும் எந்தச் சொல்லிலும் அவை அடங்காது. நம்ம ஊரில் 'அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு' என்பார்களே, அதுதான் கிட்டத்தில் வருகிறது.

சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி கோட்டை ஸ்டேஷன் பக்கம், வாதநோய்த் துறை இருக்கும் பெரியாஸ்பத்திரி (ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை) பார்க் ஸ்டேஷன் பக்கம், கோட்டைக்கு அடுத்த ஸ்டாப்பே பார்க். தாடைக்கு ஓபி சீட்டு போடப் போகும்போது கழுத்து, தோள், இடுப்பு வலி, தூக்கமின்மை எல்லாவற்றையும் பல் டாக்டரிடமே சொல்லிவிடுங்கள், முக்கியமாக யாராவது பல்லை ராவிக் கடியைச் சரிசெய்யலாம் என்று சொல்வதற்கு முன்னால்.