‘நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள், டாக்டர்’

சென்ற வாரம், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் மேலாளர், தம்மிடம் பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் இரவுப் பணி மேற்பார்வையாளரை, தொழிற்சாலையின் பெயர் எழுதிய ஜீப்பிலேயே அழைத்துவந்து என் மனநல மருத்துவமனை வாசலில் இறக்கினார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ‘நல்ல வேலைக்காரர், டாக்டர். கொஞ்ச நாளாக எதிலும் பிடிப்பில்லை. நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். நீங்கள் நாலு நல்ல வார்த்தை சொன்னால் கேட்பார்’ என்று தொடங்கி, ஏறத்தாழ இருபது நிமிடம் மேலாளரே பேசினார். அருகில் இருந்தவர் ஸ்வெட்டர் கையில் பிரிந்துவந்த நூலை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். இந்த மாதத்தில் இப்படி அழைத்துவரப்பட்டவர்களில் இவர் நான்காமவர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மேலாளரை வெளியே அமரச் சொல்லிவிட்டு, தூக்கம் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். பகல் பணி வாரங்களிலும் விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன் என்றார். சாப்பாட்டில் ருசி தெரிந்து இரண்டு மாதமாகிறது. இலை எடைப் பதிவேட்டில் ஒரே வரியை மூன்று முறை கூட்டினாலும் கணக்கு தப்புகிறது. நெஞ்சு பாரமாக இருப்பதை வாயு என்று நினைத்து, கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். இது மனச்சோர்வு என்பதற்கு, மனநல மருத்துவம் படித்த எவருக்கும் இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் ஏறக்குறைய இதே முகத்தோடுதான் வரும் என்பதால், வழக்கம்போல் முதலில் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன்.

என்னைச் சலிப்படையச் செய்வது நோயல்ல, அந்த ‘நாலு நல்ல வார்த்தை’தான். மனச்சோர்வில் இருப்பவருக்கு அறிவுரை கிடைக்கவில்லை என்று இந்த மலையில் எத்தனை பேர் நம்புகிறார்கள்! ‘தைரியமாக இரு, குடும்பத்தை நினைத்துப் பார், உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இல்லையா’ என்பவற்றையெல்லாம் அவர் நமக்கு முன்பே, இரவு முழுவதும், நம்மைவிடக் கடுமையான சொற்களில் தமக்குத் தாமே சொல்லிப் பார்த்துத் தோற்றவர். அதே வாக்கியத்தை மேலதிகாரி ஒருவர் திரும்பச் சொல்லும்போது, ‘எல்லோராலும் முடிவது என்னால் மட்டும் முடியவில்லை’ என்பதற்கு இன்னொரு சாட்சி சேர்கிறதே தவிர, பாரம் இறங்குவதில்லை. இலை சரியாக வாடாமல் இயந்திரத்துக்கு வந்தால், தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் எந்த டீமேக்கரும் இலைக்குப் புத்தி சொல்வதில்லை. வாட்டும் தொட்டியில் காற்று எப்படிப் போனது என்றுதான் பார்க்கிறார். அந்த நிதானம் மனிதரிடம் வரும்போது மட்டும் ஏன் காணாமல் போகிறது?

‘நான் இரக்கமில்லாதவனா? அவர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு முன்பணமே கொடுத்தேன்’ என்று மேலாளர் சற்றே புண்பட்டுக் கேட்டார். இரக்கமுள்ளவர்தான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் குடியிருக்கும் வீடு, முன்பணம், விடுப்பு, பணிமுறை என எல்லாமே ஒருவர் கையில் இருக்கும் இடத்தில், கொடுத்தவரிடம் போய் ‘என்னால் முடியவில்லை’ என்று சொல்வது நன்றி கெட்டதனமாகத் தோன்றும் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. இரக்கம் மேலே இருந்து கீழே நீள்கிறது. ஒத்துணர்வுக்கு, எதிரில் இருப்பவரின் நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சில இளம் மேலாளர்கள் ‘பர்ன்அவுட்’, அதாவது வேலையால் முற்றிலும் சோர்ந்துபோதல், என்ற சொல்லோடு வருகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அதைத் தன் வகைப்பாட்டில் நோயாகச் சேர்க்கவில்லை. சரியாகக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் விளக்கியது. அதாவது, அதற்கான மருந்தை எழுத வேண்டியவர் நானல்ல, பணிமுறை அட்டவணையை எழுதுகிறவர். அதே நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதல்களில், மேலாளர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே பரிந்துரைத்திருக்கிறது.

இனி நேராகச் சொல்லிவிடுகிறேன். பெயர் எழுதிய வண்டியில் யாரையும் அழைத்து வராதீர்கள். சந்தைக்கு வந்தவர் பார்த்தால் மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் மலை இது. அதற்கு அஞ்சியே எத்தனையோ பேர் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோயம்புத்தூர் வரை போய் மருத்துவம் பார்க்கிறார்கள், பாதியில் விட்டும் விடுகிறார்கள். ‘என்ன நோய்?’ என்று என்னிடம் தொலைபேசியில் கேட்காதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அந்த விவரம் இரகசியமாகக் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாக வைத்திருக்கிறது, கட்டணத்தை யார் செலுத்தினாலும் சரி. நீண்ட விடுப்பில் அனுப்பிவிட்டால் சரியாகிவிடும் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். வேலையும் போய் நாள் முழுவதும் தனிமையும் சேர்ந்தால் சிலர் இன்னும் ஆழத்துக்குப் போகிறார்கள். மருந்து பலன் காட்டவே இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நான்காம் நாளே ‘இன்னும் சரியாகவில்லையா’ என்று கேட்பது கொடுமை.

ஒன்றை மட்டும் கெஞ்சியே கேட்கிறேன். ‘உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றுகிறதா?’ என்று தனிமையில், அவசரமின்றிக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பெரும்பாலும், கேட்க ஒருவர் கிடைத்தாரே என்ற ஆறுதல்தான் வரும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள். பூச்சிமருந்துக் கிடங்கின் சாவி அவரிடம் இருந்தால், அவமானப்படுத்தாமல், பொறுப்பை அமைதியாக வேறொருவருக்கு மாற்றுங்கள். நள்ளிரவானாலும் 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை அறிவிப்புப் பலகையில் மட்டுமல்லாமல், யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ளக்கூடிய இடத்திலும் ஒட்டிவையுங்கள்.

மேற்பார்வையாளருக்கு இப்போதைக்குப் பகல் பணி மட்டும் போதும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த முறை பேருந்தில் தனியாகவே வந்துவிடுகிறேன் என்று சொல்லிச் சென்றார். அன்று மேலாளர் செய்ய வேண்டியது, அரைநாள் விடுப்புத் தாளில் காரணம் கேட்காமல் கையெழுத்திடுவது மட்டுமே.