கிடையில் நிற்கும் ஆடு வெள்ளத்தில் போனால் யாருக்கு, எவ்வளவு நிவாரணம்?

ஐப்பசி, கார்த்திகையில் வயலெல்லாம் பயிர் நிற்கும். எருவுக்காக ஆடுகளை வயலில் அடைத்துக் கிடை போட யாரும் கூப்பிட மாட்டார்கள். மேட்டுப் புறம்போக்குகள் பலவற்றைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. மிச்சமிருக்கும் பொட்டலில் புல் இல்லை. இறுகிய செம்மண் மழையைக் குடிப்பதும் இல்லை, அப்படியே ஓடவிடுகிறது. அதனால் மதுரையைச் சுற்றி ஆட்டு மந்தை மேய்க்கும் கீதாரிகள் கண்மாயில் நீர் தேங்கும் உள்வாயிலும் வைகைப் படுகையிலும்தான் ஒதுங்குகிறார்கள். தண்ணீர் முதலில் வருவதும் அங்கேதான்.

வெள்ளத்தில் செத்த கால்நடைக்கு மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து பணம் உண்டு. மிக்ஜாம் புயலுக்குப் பின் 2023 டிசம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தபடி வெள்ளாடு, செம்மறிக்குத் தலா 4,000 ரூபாய், முன்பு 3,000. கறவை மாட்டுக்கு 30,000 ஆக இருந்தது 37,500 ஆனது.

சிக்கல் உச்சவரம்பில் இருக்கிறது. மத்திய அரசின் விதிமுறைப்படி ஒரு குடும்பத்துக்கு 30 ஆடு வரைதான். 200 ஆடு போனாலும் 1,20,000 ரூபாயோடு சரி. கொட்டகையில் நாலு ஆடு கட்டி வளர்ப்பவரை நினைத்து எழுதிய விதி என்றே எனக்குப் படுகிறது. ஆனால் இந்த வரம்பு குடும்பத்துக்குத்தான், கிடைக்கு அல்ல. ஒரே கிடையில் மூன்று நான்கு குடும்பத்து ஆடுகள் சேர்ந்து நிற்பது வழக்கம். மொத்தத்தையும் கீதாரி ஒருவர் பெயரில் எழுதிக் கொடுத்தால் 30-உடன் முடிந்தது. ஆடு யாருடையது என்று காட்டும் காது வெட்டைப் பார்த்துப் பிரித்து, அவரவர் ஆட்டுக்கு அவரவர் குடும்பத்தின் பெயரில், அவரவர் வங்கிக் கணக்கோடு தனித்தனியாக மனு கொடுங்கள்.

செத்த ஆட்டை உடனே புதைத்துவிடாதீர்கள். கிடந்த இடத்திலேயே படம் எடுத்துவிட்டு, அந்த ஊர் வி.ஏ.ஓ.வுக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லுங்கள். உங்கள் சொந்த ஊர் வி.ஏ.ஓ. அல்ல, ஆடு செத்த இடத்து வி.ஏ.ஓ. ஆள் தெரியாவிட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு, 1077. மருத்துவரின் சான்று கைக்கு வந்தபின் குழி தோண்டலாம்.

மழை விட்டபின் நீலநாக்கு நோயில் சாகும் ஆடுகள் இந்தக் கணக்கில் வராது. அதற்குக் காப்பீடுதான் வழி. தேசிய கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் 2024 முதல் வளர்ப்பவர் பங்கு பிரீமியத்தில் 15 சதவீதம்தான். 100 ஆடு வரை சேர்க்கலாம். காதில் அடையாள வில்லை இருக்க வேண்டும்.

வைகை அணை 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. படுகையில் கிடை போட்டவர் முதல் எச்சரிக்கையிலேயே மேட்டுக்கு ஓட்டிவிட வேண்டும். கண்மாய்க்கு இப்படிச் சங்கு ஊதுவார் இல்லை; மேலே உள்ள கண்மாய் நிரம்பி மறுகால் பாய்கிறதா என்று அந்தியில் ஒருமுறை விசாரித்துக்கொள்ள வேண்டியதுதான்.