மறைத்து வைத்தால் திகில் வந்துவிடாது

கதைப் பிரதிகளைத் திருத்தித் தருவது என் தொழில். இராமநாதபுரம் கடற்கரையைக் களமாகக் கொண்ட திகில் கதைகள் நிறையவே வருகின்றன. பாதிக்கு மேற்பட்டவற்றில், பிடிக்கத் தடையுள்ள கடல் உயிரினமான கடல் அட்டையின் கடத்தல் இருக்கும். தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தில் ஒரு நள்ளிரவுச் சந்திப்பும் தவறாது. அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. 'மடியில் இருந்த அந்தப் பொருளை அவன் தொட்டுப் பார்த்துக்கொண்டான்' என்று எழுதிவிட்டு, அது இன்னதென்று சொல்லாமலே பல அத்தியாயங்களுக்கு இழுக்கிறார்களே, அங்குதான் கதை கெடுகிறது. அவன் மனத்துக்குள் இருந்தே கதை சொல்லிக்கொண்டு, அவனுக்குத் தெரிந்ததை வாசகருக்கு மட்டும் ஒளிப்பது அழுகுணி ஆட்டம். அதில் பதற்றம் வராது, எரிச்சல்தான் வரும்.

மேசைக்கடியில் இருக்கும் வெடிகுண்டு திடீரென வெடித்தால் பார்வையாளருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முன்பே காட்டிவிட்டால் பதினைந்து நிமிடப் பதைப்பு என்று இயக்குநர் ஹிட்ச்காக் கணக்குச் சொன்னார். நம் கரைக்கு இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட ரயிலைக் கடல் கொண்டுபோனது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. புயலைக் கடைசி அத்தியாயம் வரை ஒளித்து வைத்து யாரை ஏமாற்றப் போகிறீர்கள்? முதல் வரியிலேயே தேதியைப் போட்டுவிடுங்கள். பாம்பன் நிலையத்தில் ஒரு பெண்ணுக்கு டிக்கெட் எடுக்கச் சில்லறை போதவில்லை. வரிசையில் பின்னால் நிற்கும் பெரியவர், "வைத்துக்கொள் தாயி" என்று நாலணாவை நீட்டுகிறார். அந்த நல்ல மனதைக் கண்டு வாசகருக்கு வயிற்றைப் பிசையும்.

ஆனால் பாத்திரம் யாரென்று தெரியாவிட்டால் எந்த உத்தியும் செல்லாது. இன்றைய காலத்துக் கதைகளில், கடற்பாசி எடுக்கும் பெண்களை 'வெகுளி, உழைப்பாளி, ஏழை' என்ற மூன்று சொற்களில் முடித்துவிடுகிறார்கள். பாறை கிழிக்காமல் இருக்க அப்படி ஒருத்தி விரல்களில் துணி சுற்றிக்கொள்வதைக் காட்டுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே பாசிக்குப் போனால் வழக்கு வரலாம் என்பது அவளுக்குத் தெரியும், போகிறாள். கடல் அட்டை மூட்டையைக் கைமாற்றித் தரச் சொன்னால் மட்டும் மறுக்கிறாள். 2001 முதல் இருக்கும் தடைக்காக அல்ல. அதே மூட்டையால் அவள் கொழுந்தன் சிறைக்குப் போனான். இப்படித் தனக்கென்று ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டவள்தான் நம்பத்தக்க பாத்திரம். இனி அந்தக் கோட்டை நெருக்குங்கள்: அடகு வைத்த தோடு நாளை மூழ்கிப்போகும். சோதனைச் சாவடியில் இன்றிரவு ஆள் மாறியிருப்பது வாசகருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

காலமும் கைகொடுக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மே மாதத்தில் உங்கள் நாயகன் விசைப்படகில் சாதாரணமாகத் தொழிலுக்குப் போனால் மண்டபம் ஊர்க்கார வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். படகில் கூலிக்குப் போகிறவனுக்கோ அதுவே கடன் கழுத்தை நெரிக்கும் கெடு.

வில்லனுக்கு மீசையும் உறுமலும் வேண்டாம். மூட்டையைக் கைமாற்றித் தரச் சொல்லும் பாசி வியாபாரி, அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது வட்டியில்லாமல் பணம் தந்தவராகவே இருக்கட்டும். வாசலில் வந்து உட்கார்ந்து, "தோட்டை எப்போதம்மா திருப்பப் போகிறாய்?" என்று மட்டும் அவர் கேட்டால் போதும். மூட்டை என்ற சொல்லே அந்தப் பேச்சில் வர வேண்டியதில்லை.