நெகட்டிவ் ரிப்போர்ட்டுக்குப் பின்னால் 150 இறால் குஞ்சுகள்

பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கம் கழிமுகத் தண்ணீரை ஏற்றி வனாமி இறால் வளர்ப்பவர்கள் "வைரஸ் விழுந்துடுச்சு" என்று சொன்னால், பெரும்பாலும் வெண்புள்ளி நோயைத்தான் சொல்கிறார்கள். 1990களின் நடுவில் இந்தியப் பண்ணைகளுக்குள் புகுந்த இந்த வைரஸ் இன்னும் போகவில்லை. குட்டையில் கிளம்பிவிட்டால் 3 முதல் 10 நாளுக்குள் ஏறக்குறைய மொத்த இறாலையும் கொன்றுவிடும். இறால் சாப்பிடும் மனிதருக்கு இதனால் எந்தக் கெடுதலும் இல்லை. அடி முழுக்க வளர்ப்பவருக்குத்தான்.

மருந்து போட முடியாதா? இறாலின் உடம்பில் ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட கிருமியை அடையாளம் கண்டு எதிர்க்கும் புரதம், உண்டாவதே இல்லை. உள்ளே வரும் கிருமியை ரத்த அணுக்கள் விழுங்கும், கறுப்பு நிறமி பூசி அடைத்து வைக்கும். நமக்குப் போடுவது போன்ற தடுப்பூசி இறாலிடம் எடுபடாது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஆகவே வைரஸ் உள்ளே வரும் வழிகளை அடைப்பது ஒன்றுதான் பாக்கி. அதில் முதல் வழி, நாம் காசு கொடுத்து வாங்கும் குஞ்சு.

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் பக்கத்து ஹேச்சரிகளில் (குஞ்சு பொரிப்பகங்களில்) குஞ்சு வாங்குகிறவர்கள், வைரஸின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று பார்க்கும் பி.சி.ஆர். சோதனையின் ரிப்போர்ட்டைக் கேட்பது வழக்கம். வெள்ளைப் புள்ளியைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பதால்தான் இந்தச் சோதனை. குஞ்சில் புள்ளி தெரியாது. பெரிய வனாமியில்கூடப் பல நேரம் புள்ளி இல்லாமல் உடம்பு சிவந்து சாகும். சில பாக்டீரியாக்களாலும் ஓட்டில் புள்ளி வரும்.

சோதனையில் குஞ்சுகளை அரைத்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கிறார்கள். அதைச் சுமார் 95 டிகிரிக்குச் சூடாக்கினால் இரட்டை இழை பிரியும். சூட்டை 55–60 டிகிரிக்கு இறக்கினால் பிரைமர் என்னும் சிறு துண்டுகள் வைரஸுக்கே உரிய இடத்தைத் தேடி ஒட்டும். 72 டிகிரியில் ஒரு நொதி அந்த இடத்தை நகலெடுக்கும். ஒரு சுற்றுக்கு ஒன்று இரண்டாகும். 30 சுற்று ஓடினால், கணக்குப்படி ஒரே ஒரு துண்டு 100 கோடியைத் தாண்டும். வைரஸ் இல்லையென்றால் பிரைமர் ஒட்ட இடமில்லை, பெருக எதுவும் இல்லை. அதுதான் நெகட்டிவ்.

ஆனால் அந்த நெகட்டிவ் என்ன சொல்கிறது? தொட்டியில் லட்சக்கணக்கில் குஞ்சு இருக்கும். அரைத்தது சில மட்டுமே. நூற்றுக்கு 2 குஞ்சில் வைரஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 குஞ்சை எடுத்தால் அத்தனையும் நல்லதாகவே அமைந்துவிட 82 சதவீத வாய்ப்பு. ரிப்போர்ட் நெகட்டிவ், தொட்டியில் வைரஸ்! 150 எடுத்தால் அந்த வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். சோதனைக்கு 150 குஞ்சு எடுக்கச் சொல்வது இந்தக் கணக்கால்தான். அதிலும் ஓட்டை இருக்கிறது: நூற்றுக்கு 1 குஞ்சில்தான் வைரஸ் என்றால், 150 எடுத்தாலும் வைரஸ் சோதனையில் சிக்காமல் தப்பிவிட 22 சதவீத வாய்ப்பு உண்டு. 3 லட்சம் குஞ்சு விடும் குட்டையில் அந்த நூற்றுக்கு 1 என்பது 3,000 குஞ்சு. இறால் சோர்ந்து கிடக்கும் இன்னொரு இறாலைத் தின்னும். அந்த 3,000 போதும்.

அதனால் ரிப்போர்ட்டில் முடிவை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எத்தனை குஞ்சு எடுத்தார்கள், எந்தத் தொட்டியில் எடுத்தார்கள், நீங்கள் வாங்கும் குஞ்சு அதே தொட்டியா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. வாளியை ஒரே இடத்தில் விட்டு மொண்டால் துடிப்பான குஞ்சு மட்டும் வர வாய்ப்புண்டு, அடியில் சோர்ந்து கிடப்பதும் மாதிரியில் சேர வேண்டும். சில இடங்களில் குஞ்சுகளைக் கொஞ்ச நேரம் ஃபார்மலின் கலந்த நீரில் விட்டுச் சிரமப்படுத்தி, அதில் தளர்ந்தவற்றைச் சோதிக்கிறார்கள். வைரஸ் உள்ளது முதலில் தளரும் என்பது கணிப்பு.

நல்ல குஞ்சு கிடைத்த பிறகும் இரண்டு வழிகள் திறந்தே இருக்கின்றன: நண்டும் தண்ணீரும். நண்டு தான் சாகாமலேயே இந்த வைரஸைச் சுமந்து வரும். கரையைச் சுற்றி வலை கட்டுவது அதற்குத்தான். தண்ணீர் விஷயம் ஒருவர் கையில் இல்லை. நோய் வந்த குட்டையை ப்ளீச்சிங் போட்டு நிறுத்தி வைக்காமல் வாய்க்காலில் திறந்துவிட்டால், அதே வாய்க்காலில் மோட்டார் போட்டிருக்கும் பக்கத்துப் பண்ணைக்காரர் எவ்வளவு நல்ல குஞ்சு விட்டிருந்தாலும் தப்புவது கடினம்.