வயலுக்குப் பணம், கடலுக்குக் கோட்டா: ஐரோப்பிய ஒன்றியம் பல்லுயிர்களைக் காக்கும் ஏற்பாடு

பிரான்சின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது அல்சாஸ் சமவெளி. அங்கே வயல் மண்ணுக்குள் ஆழமாக வளை தோண்டி வாழும் ஐரோப்பிய ஹாம்ஸ்டர் என்ற சிறு விலங்கை உழவர்கள் நெடுங்காலம் பயிர்த் திருடன் என்று சொல்லிக் கொன்றுவந்தார்கள். 1993-இல் பிரான்ஸ் அதைப் பாதுகாக்கப்பட்ட உயிராக அறிவித்தது. அதன் பிறகும் சரிவு நிற்கவில்லை. அல்சாஸில் 2001-இல் 1,167 வளைகள் எண்ணப்பட்டன. 2007-இல் 161 வளைகளே மிஞ்சின. 2011 ஜூனில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், இந்த விலங்கைக் காக்கும் கடமையில் பிரான்ஸ் தவறிவிட்டது என்று தீர்ப்பளித்தது.

கொல்லத் தடை இருந்தும் ஏன் அழிந்தது? வயல் மாறிவிட்டது. கோதுமையும் குதிரைமசாலும் கலந்திருந்த சமவெளியை மக்காச்சோளம் மூடிக்கொண்டது. குளிர்காலத் தூக்கம் கலைந்து ஏப்ரல் வாக்கில் ஹாம்ஸ்டர் வெளியே வரும்போது மக்காச்சோள வயல் வெறும் மண்ணாகக் கிடக்கும். தின்னவும் ஒன்றுமில்லை, பருந்துக்குத் தெரியாமல் ஒளியவும் இடமில்லை. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைவிடக் கொடுமையான ஒன்றைக் காட்டியது: மக்காச்சோளத்தை முதன்மை உணவாகத் தின்ற தாய்கள் தாங்கள் ஈன்ற குட்டிகளையே தின்றன. பி3 வைட்டமின் குறைவுதான் காரணம்; அதைச் சேர்த்துக் கொடுத்ததும் குட்டிகள் பிழைத்தன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளிலும் சிக்கல் இந்த வடிவத்தில்தான் இருக்கிறது. உயிரைக் காக்கும் சட்டம் ஓர் அமைச்சரிடம். வயலில் எது விளைய வேண்டும், கடலில் எவ்வளவு பிடிக்கலாம் என்று தீர்மானிக்கும் பணமும் கோட்டாவும் வேறோர் அமைச்சரிடம். இரண்டும் ஒரே பக்கம் இழுத்த இடங்களில் உயிர்கள் மீண்டிருக்கின்றன. எதிரெதிராக இழுத்த இடங்களில் பெரும்பாலும் பணமே வென்றிருக்கிறது. கீழே சொல்லப்போகும் விதிகளை இந்தக் கண்ணோடு படித்தால் எளிதில் பிடிபடும்.

காக்கப்பட்ட இடங்கள்

அடிப்படைச் சட்டங்கள் இரண்டு. 1979-ஆம் ஆண்டின் பறவைகள் சட்டம் ஒன்றியத்தில் இயல்பாக வாழும் எல்லாக் காட்டுப் பறவைகளுக்கும் பொருந்தும். வேண்டுமென்றே கொல்வது, கூட்டைக் கலைப்பது, முட்டை எடுப்பது எல்லாம் குற்றம். வேட்டைக்கு அனுமதி உள்ள இனங்களும் உண்டு என்றாலும் இனப்பெருக்கக் காலத்தில் அவற்றைத் தொடக்கூடாது. 1992-ஆம் ஆண்டின் வாழிடச் சட்டம் மற்ற விலங்குகளையும் செடிகளையும் ஏறத்தாழ 230 வகை வாழிடங்களையும் பட்டியலிடுகிறது. இவ்விரு சட்டங்களின் கீழ் ஒதுக்கப்பட்ட இடங்களின் வலைப்பின்னலுக்கு நேச்சுரா 2000 என்று பெயர். சுமார் 27,000 இடங்கள். ஒன்றியத்தின் நிலப்பரப்பில் 18 விழுக்காட்டுக்கும் சற்று மேல்.

நேச்சுரா 2000 என்றதும் வேலி போட்ட சரணாலயத்தை நினைத்துவிடக் கூடாது. பெரும்பகுதியில் மக்கள் வாழ்கிறார்கள், மாடு மேய்க்கிறார்கள், பயிர் செய்கிறார்கள்; ஏராளமான நிலம் தனியார் சொத்து. சட்டம் கேட்பது வேறு. அந்த இடத்தைக் கணிசமாகப் பாதிக்கக்கூடிய சாலை, அணை, சுரங்கம், மரவெட்டு எதுவானாலும் முன்கூட்டியே மதிப்பீடு செய்தாக வேண்டும். கேடு வராது என்பதில் நியாயமான ஐயம் எதுவும் இல்லாதபோதுதான் அனுமதி. வேறு வழியே இல்லை, பொதுநலன் அத்தனை அவசரம் என்றால் விலக்கு உண்டு. அப்போதும் இழந்த வாழிடத்துக்கு ஈடு செய்தாக வேண்டும்.

இந்த விதிக்குப் பல் இருக்கிறது. போலந்தின் பியலோவீஜா ஐரோப்பாவில் எஞ்சிய மிகப் பழைய காடுகளில் ஒன்று. 2016-இல் பட்டை வண்டுத் தாக்குதலைக் காரணம் காட்டி அங்கே மரவெட்டை அரசு பல மடங்கு உயர்த்தியது. வழக்கு முடியும்வரை வெட்டை நிறுத்து, மீறினால் நாளொன்றுக்குக் குறைந்தது 1,00,000 யூரோ தண்டம் என்று 2017 நவம்பரில் ஒன்றிய நீதிமன்றம் சொன்னது. 2018 ஏப்ரலில் போலந்து சட்டத்தை மீறியது என்ற தீர்ப்பும் வந்தது.

சட்டமும் பணமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஸ்பெயின், போர்ச்சுகல் காடுகளில் வாழும் ஐபீரிய லின்க்ஸ் என்ற காட்டுப் பூனை சான்று. 2002-இல் 94 இருந்தன. சுற்றுச்சூழலுக்கென்றே 1992 முதல் நடக்கும் லைஃப் நிதித் திட்டத்தின் உதவியோடு அடைப்பில் வளர்த்துக் காட்டில் விட்டார்கள், அதன் இரையான முயலையும் பெருக்கினார்கள். 2023 கணக்கெடுப்பில் 2,000-ஐத் தாண்டிவிட்டது.

உழவருக்குப் போகும் பணம்

1962-இல் தொடங்கிய பொது வேளாண் கொள்கைக்கு ஒன்றியத்தின் வரவுசெலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போகிறது. தொடக்கத்தில் விளைச்சலுக்கே காசு: எவ்வளவு விளைகிறதோ அவ்வளவு லாபம். வேலிப்புதர் வெட்டப்பட்டது, சதுப்பு வடிக்கப்பட்டது, வரப்புகள் ஒன்றாயின. பின்னர் பணம் விளைச்சலிலிருந்து பிரிக்கப்பட்டு நிலப்பரப்புக்கு மாறியது. எக்டேர் கூடக் கூட மானியமும் கூடும் என்பதால், நேரடி மானியத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு, அதைப் பெறுவோரில் 20 விழுக்காட்டினருக்கே சேர்கிறது. வயல்வெளிப் பறவைகளும் புல்வெளி வண்ணத்துப்பூச்சிகளும் 1990-இலிருந்து 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டன என்றும், வேளாண் கொள்கை அந்தச் சரிவை நிறுத்தவில்லை என்றும் ஒன்றியத்தின் தணிக்கை மன்றமே 2020-இல் எழுதியது.

2023 முதல் 2027 வரையிலான சுற்றில் பணம் மூன்று படிகளாக வருகிறது.

முதல் படி அடிப்படை மானியம். இதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. ஓடை, ஆற்றுக் கரையோரம் 3 மீட்டர் அகலத்துக்கு உரமோ பூச்சிமருந்தோ போடக்கூடாது. நிரந்தரப் புல்வெளியின் பங்கு 2018-இன் அளவிலிருந்து குறிப்பிட்ட வரம்புக்கு மேல் குறையக்கூடாது. பறவை கூடுகட்டும் பருவத்தில் வேலிப்புதரையும் மரத்தையும் வெட்டக்கூடாது. உழவு நிலத்தில் 4 விழுக்காட்டைப் பயிரிடாமல் தரிசாகவோ புதராகவோ விட வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. 2024-இல் போராடிய உழவர்களின் டிராக்டர்கள் பிரஸ்ஸல்ஸ் வீதிகளை அடைத்த சில மாதங்களில் அந்த விதி நீக்கப்பட்டது. 10 எக்டேருக்குக் குறைவான பண்ணைகளுக்கு நிபந்தனைச் சோதனையும் தண்டமும் கூட விலக்கப்பட்டன. சிறு உழவருக்குத் தாள் வேலையைக் குறைத்தது நியாயம். அந்த 4 விழுக்காட்டைக் கைவிட்டது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன். வானம்பாடி தரையில் கூடு வைக்கவும், தேனீ கோடையில் பூத் தேடவும் இருந்த இடம் அது.

இரண்டாம் படி சூழல் திட்டங்கள். நேரடி மானியத்தில் குறைந்தது 25 விழுக்காட்டை இதற்கென ஒவ்வொரு நாடும் ஒதுக்க வேண்டும். உழவர் சேர்வது அவர் விருப்பம். ஆண்டுக்காண்டு சேரலாம், விடலாம். பூக்கள் விதைத்த கீற்று, பயிர்ச் சுழற்சி, பயிரிடாத நிலம் போன்றவற்றுக்கு எக்டேர் கணக்கில் பணம்.

மூன்றாம் படி பெரும்பாலும் 5 முதல் 7 ஆண்டுகளுக்கான ஒப்பந்தம். இதில்தான் உண்மையான மாற்றம் நடக்கிறது. அல்சாஸில் உழவர்கள் கூட்டாக ஒப்பந்தம் போட்டு, ஹாம்ஸ்டருக்காகக் கோதுமையும் குதிரைமசாலும் பயிரிட்டு, அறுக்காத கீற்றுகளை விட்டு வைக்கிறார்கள்.

அயர்லாந்தின் பர்ரன் பகுதியில் நடப்பது இன்னும் அழகு. சுண்ணாம்புப் பாறை மேடுகளில் வசந்தத்தில் ஜென்ஷியனும் ஆர்க்கிட்டும் பூக்கும். அந்தப் பூக்கள் மாட்டால்தான் வாழ்கின்றன. குளிர்காலத்தில் மாட்டை மேட்டுக்கு ஏற்றி, பழைய புல்லைத் தின்னவிட்டு, வசந்தம் வந்ததும் கீழே இறக்குவது அங்கே தலைமுறை வழக்கம். மேய்ச்சல் நின்றால் புதர் மூடிப் பூ செத்துவிடும். பர்ரன் திட்டத்தில் இப்படிச் செய், அப்படிச் செய் என்று உழவருக்குக் கட்டளை போடவில்லை. ஒவ்வொரு புல்வெளிக்கும் 10-க்கு மதிப்பெண் போட்டார்கள். மதிப்பெண் கூடினால் பணமும் கூடும். எப்படிக் கூட்டுவது என்பதை நிலத்தை அறிந்தவரிடமே விட்டார்கள். ஐரோப்பாவின் வேளாண் திட்டங்களில் பரவ வேண்டியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

விண்ணப்பம் ஒவ்வொரு நாட்டின் மானிய அலுவலகத்தில், ஆண்டுக்கொரு முறை, இணைய வரைபடத்தில் தன் வயலைக் குறித்துக் கொடுக்க வேண்டும். வயலில் என்ன நடக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் படங்கள் ஆண்டு முழுதும் சரிபார்க்கின்றன.

மானியத்துக்கு வெளியே தடைகளும் உண்டு. இமிடாகுளோப்ரிட், குளோத்தியானிடின், தயாமீத்தாக்ஸாம் என்ற மூன்று பூச்சிமருந்துகளைத் தேனீக்களை முன்னிட்டு 2013-இல் கட்டுப்படுத்தி, 2018-இல் திறந்த வயலில் முற்றிலும் தடுத்தார்கள். பூச்சிமருந்துப் பயன்பாட்டையே பாதியாகக் குறைக்க வந்த சட்ட வரைவு மட்டும் 2024-இல் திரும்பப் பெறப்பட்டது.

கடலில்

பொது மீன்வளக் கொள்கையின் அச்சு, எந்த மீனை எவ்வளவு பிடிக்கலாம் என்ற ஆண்டு வரம்பு. கோபன்ஹேகனில் உள்ள பன்னாட்டுக் கடல் ஆய்வு மன்றம் அளவைப் பரிந்துரைக்கும். டிசம்பரில் மீன்வள அமைச்சர்கள் கூடி முடிவு செய்வார்கள். பிறகு 1983 முதல் நிலைத்த விகிதப்படி நாடுகளுக்குக் கோட்டா பிரியும். ஆண்டாண்டாகப் பிடித்தாலும் கூட்டம் குன்றாத அளவோடு நிறுத்த வேண்டும், அதுவும் 2020-க்குள் என்று 2013-இன் சட்டம் கெடு வைத்தது. எல்லா மீனுக்கும் அது நிறைவேறவில்லை. பால்டிக் கடலின் கிழக்குக் காட் மீன் அத்தனை சரிந்துபோய், 2019-இல் அதற்கான மீன்பிடியையே நிறுத்தினார்கள். கடுமையாகக் குறைத்த இடத்தில் மீண்டதும் உண்டு: கிழக்கு அட்லாண்டிக்கிலும் மத்தியதரைக் கடலிலும் நீலத்துடுப்புச் சூரை இப்போது மீண்டும் பெருகியிருக்கிறது.

சிறு மீனையும் கோட்டா மீறிய மீனையும் செத்த பிறகு கடலில் கொட்டும் வழக்கத்தை ஒழிக்க, பிடித்ததைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற விதி 2015 முதல் 2019 வரை படிப்படியாக வந்தது. நடுக்கடலில் பார்ப்பார் இல்லாததால் விதி பலவீனமாகவே இருக்கிறது. விதி மீறும் வாய்ப்பு அதிகமுள்ள 18 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளில் 2028 முதல் கேமரா கட்டாயம். 800 மீட்டருக்குக் கீழே ஆழ்கடல் தரையில் இழுவை மடி (படகு இழுத்துச் செல்லும் பை போன்ற வலை) போட 2016-இன் சட்டப்படி தடை உண்டு.

பலரை அதிரவைப்பது இதுதான்: நேச்சுரா 2000 என்று குறித்த கடற்பரப்பிலும் பல இடங்களில் இழுவை மடி தரையைச் சுரண்டிக்கொண்டு போகிறது. ஒரு நாடு தன் காப்புக் கடலில் மடியைத் தடுக்க விரும்பினாலும், அங்கே பிற நாட்டுப் படகுகள் தொழில் செய்தால் அந்நாடுகளோடு பேசி உடன்பட்டுக் கூட்டுப் பரிந்துரை அனுப்ப வேண்டும். தொழிலை இழக்கப்போகிறவரின் சம்மதத்தை முதலில் கேட்பதால், ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. எல்லாக் காப்புக் கடல்களிலும் 2030-க்குள் மடியை ஒழிப்போம் என்று 2024-இல் கிரீஸ் அறிவித்தது ஒரு தொடக்கம்.

இந்தக் கொள்கை நம் கரையையும் தொடுகிறது. 2010 முதல் ஒன்றியத்துக்குள் வரும் கடல் மீனுக்கு, முறையாகப் பிடித்தது என்ற சான்றிதழ் வேண்டும். ஆழ்கடலில் சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குத் தடை விழுந்தது. படகுகளுக்குக் கண்காணிப்புக் கருவியும் கடுமையான தண்டமும் வந்த பிறகு 2016 ஜூனில்தான் தடை நீங்கியது.

2024-இன் மீட்புச் சட்டம்

இருப்பதைக் காப்பது போதாது, கெட்டதைச் சீராக்க வேண்டும் என்ற முதல் ஒன்றியச் சட்டம் 2024 ஆகஸ்ட் 18-இல் நடைமுறைக்கு வந்தது. 2030-க்குள் ஒன்றியத்தின் நிலத்திலும் கடலிலும் குறைந்தது 20 விழுக்காட்டில் மீட்புப் பணி நடக்க வேண்டும். பட்டியலிட்ட கெட்டுப்போன வாழிடங்களில் 2030-க்குள் 30, 2040-க்குள் 60, 2050-க்குள் 90 விழுக்காடு. 25,000 கிலோமீட்டர் ஆற்றைத் தடுப்புகள் நீக்கித் தடையின்றி ஓடவிடுவதும் இலக்கு. வயல்வெளிப் பறவைகளின் எண்ணிக்கை ஏறியாக வேண்டும் என்பதை நாடுகளின் கடமையாக எழுதிவைத்திருப்பதுதான் இதில் புதிது. ஆனால் எந்த உழவரையும் இது நேராகக் கட்டாயப்படுத்தவில்லை, கடமை அரசுக்கு.

மீறல் நடந்தால்

தன் ஊர்ப் புல்வெளியோ சதுப்போ சட்டத்தை மீறி அழிக்கப்படுகிறது என்று தெரிந்தால் யார் வேண்டுமானாலும் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்துக்குப் புகார் எழுதலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகளில் எதிலும் எழுதலாம். பாரிஸிலோ பெர்லினிலோ வாழும் தமிழருக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. இடத்தின் நேச்சுரா 2000 குறியீட்டு எண்ணும் படமும் தேதியும் சேர்த்தால் புகார் வலுப்பெறும். ஆணையம் முதலில் அந்த நாட்டிடம் விளக்கம் கேட்கும்; திருப்தி இல்லையென்றால் நீதிமன்றம் போகும். பியலோவீஜாவும் அல்சாஸும் ஆணையம் இப்படித் தொடுத்த வழக்குகளே.

மீட்புச் சட்டத்தின்படி ஒவ்வொரு நாடும் தன் வரைவுத் திட்டத்தை ஒப்படைக்கக் கெடு 2026 செப்டம்பர் 1. அதைச் செய்யப் பணம் எங்கிருந்து வரும் என்பது 2028 முதல் 2034 வரையிலான வரவுசெலவில் தீர்மானமாகும். 2025 ஜூலையில் ஆணையம் வைத்த முன்மொழிவில் லைஃப் ஒரு தனித் திட்டமாக இல்லை.