காண்ட்ராக்டர் மாறும்போது தொலைந்துபோகும் பென்ஷன்

"எனக்கு எவ்வளவுங்க சார் பென்ஷன் வரும்?" என்று கேட்டபடியே மஞ்சப்பையிலிருந்து காகிதங்களை எடுத்து மேசையில் வைத்தார் அந்த அக்கா. வயது 57. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினொரு வருஷமாகத் துப்புரவு வேலை. அதே கட்டடம், அதே மூன்றாவது மாடி வார்டு. ஆனால் பையில் இருந்த அடையாள அட்டைகள் மூன்று. மூன்றிலும் வேறு வேறு காண்ட்ராக்டர் பெயர். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்குக்கான அடையாள எண்ணான யுஏஎன்னும் மூன்று.

அவருக்கு பென்ஷன் வராது. அதை அவரிடம் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) வேலைகளைத்தான் நான் பார்த்து வருகிறேன். காண்ட்ராக்ட் தொழிலாளிகள் என்னிடம் கொண்டுவரும் பிரச்சினைகளில் மனசை அதிகம் வருத்துவது இதுதான். கணக்கைச் சொன்னால் புரியும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் 12 சதவீதம், அதாவது 1,200 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளியும் 1,200 போட வேண்டும். முதலாளி போடுவதில் 833 ரூபாய் உங்கள் பி.எஃப். கணக்கில் சேராது, பென்ஷன் நிதிக்குப் போகும். பத்து வருஷ சர்வீஸ் சேர்ந்துவிட்டால், 58 வயதிலிருந்து ஆயுள் முழுக்க பென்ஷன். நமக்குப் பிறகு கணவனுக்கோ மனைவிக்கோ ஒரு பங்கு வரும். சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதத் தொகை கிடைக்கும். அக்காவுக்கு அது 1,571 ரூபாய் வந்திருக்க வேண்டும். பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் மாதாமாதம் மருந்து மாத்திரைக்குப் பிள்ளைகளிடம் கை நீட்ட வேண்டியிருக்காது.

அது எப்படிப் போனது? மருத்துவமனை ஒவ்வொரு முறை காண்ட்ராக்டரை மாற்றும்போதும், "பழைய கணக்கை முடிச்சு பணத்தை எடுத்துக்கங்க" என்று சூப்பர்வைசர் இரண்டு தாள்களில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். ஒன்று படிவம் 19, பி.எஃப். பணத்துக்கு. இன்னொன்று 10சி, பென்ஷன் பணத்துக்கு. இந்த 10சி-யில் பணமாக வாங்கிக்கொண்டால், அதுவரை சேர்ந்த சர்வீஸ் அழிந்துவிடும். வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில் கையில் ஒரு தொகை வரும், அவ்வளவுதான். முதல் முறை நான்கு வருஷம் போனது, மகளின் காலேஜ் ஃபீஸுக்காக. இரண்டாவது முறை மூன்று வருஷம். மிச்சம் இருப்பது கடைசி நான்கு வருஷம் மட்டும்.

அதே வார்டில் நிரந்தர ஊழியராக இருந்த ஒருவர் பென்ஷன், கிராஜுவிட்டி எல்லாம் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றிருக்கிறார். இருவரும் துடைத்தது ஒரே தரையைத்தான். ஏற்றத்தாழ்வு என்றவுடன் பணக்காரர்களின் சொத்துப் பட்டியலைப் பேசுகிறோம். எனக்கு அது தெரிவது இந்த இரண்டு பேரின் பாஸ்புக்கில். சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிக ஊழியர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. ஆனால் அது அரசுத் துறையில் வேலை பார்த்தவர்கள் தொடுத்த வழக்கு. தனியாரில் காண்ட்ராக்டர் வழியாக வருபவர்கள் இன்னும் வாசலில்தான் நிற்கிறார்கள்.

சரி, காண்ட்ராக்டர் மாறினால் என்ன செய்வது? புதியவரிடம் பழைய யுஏஎன் எண்ணையே கொடுங்கள். ஒருவருக்கு ஒரே எண்தான் இருக்க வேண்டும். பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றச் சொல்லுங்கள். அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால் பி.எஃப். முன்பணம் கேட்கலாம், ஆனால் 10சி-யில் பணம் வேண்டும் என்று மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். ஆதாரில் பெயர் எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். பி.எஃப். பதிவில் "ஆர்." என்று இருக்கும், ஆதாரில் அது "ராமசாமி" என்று விரிந்திருக்கும். நம்மூர் இனிஷியலால் மட்டுமே மாதக்கணக்கில் இழுத்த கேஸ்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் சம்பளச் சீட்டு. 10,000 சம்பளத்தில் பி.எஃப்.-க்கு மட்டும் 1,200-க்கு மேல் உங்களைக் கேட்காமல் பிடித்திருந்தால், முதலாளியின் பங்கையும் உங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். அது சட்டவிரோதம். காண்ட்ராக்டர் பணம் கட்டாமல் ஓடிவிட்டால், வேலை வாங்கிய நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. அதனால் கேட் பாஸ், அடையாள அட்டை, வருகைப் பதிவு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன, நியமனக் கடிதம் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அக்காவோடு அவருடைய மருமகளும் வந்திருந்தார். அதே மருத்துவமனையில், புதிய காண்ட்ராக்டரிடம் சேர்ந்து எட்டு மாதம். யுஏஎன் எண்ணைக் கேட்டேன். "அது சூப்பர்வைசர்கிட்டதாங்க இருக்கு. போன் நம்பரும் அவரோடதுதான் குடுத்திருக்குது" என்றார். அன்றே உட்கார்ந்து மொபைல் எண்ணை மாற்றுவதற்கான வேலையைத் தொடங்கினோம். அக்கா பக்கத்திலேயே நின்று, மருமகளின் யுஏஎன் எண்ணைத் தன் பழைய அடையாள அட்டையின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதி வைத்துக்கொண்டார்.