சுகமாகாத நோய்க்கும் வலிமருந்து உண்டு

கட்டியோடு நாயைக் கொண்டுவருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "டொக்டர், இது மாறுமோ?" புற்றுநோய், மாறாது என்று சொன்னால் அடுத்த கேள்வி வராது. "சரி, இருக்கும் மட்டும் இருக்கட்டும்" என்று ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த "இருக்கும் மட்டும்" சில கிழமையாகலாம், பல மாதமும் ஆகலாம். அத்தனை நாளும் அது வலியோடு கிடக்கத் தேவையில்லை.

அதற்கு முன் ஒன்று. வன்னியில் நாய்கள் பெரும்பாலும் அவிழ்த்துவிட்டபடிதான் திரிகின்றன. இணைசேரும்போது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும் பிறப்புறுப்புக் கட்டி அப்படித்தான் பரவுகிறது. பூக்கோவா மாதிரிச் சதை வளர்ந்து இரத்தம் சொட்டும். பார்க்கப் பயங்கரம். ஆனால் கிழமைக்கு ஒரு வின்கிறிஸ்ரின் என்ற புற்றுநோய் மருந்து ஊசி என்று நாலு முதல் ஆறு கிழமை போட்டால் பெரும்பாலானவை முற்றாகச் சுகமாகும். என்ன கட்டி என்று தெரியாமல் எந்த நாயையும் கைவிடாதீர்கள்.

"அனுங்கிறேல்ல, சாப்பிடுது, வாலும் ஆட்டுது. நோ இல்லைப் போல." இதை நான் கேட்காத கிழமை குறைவு. வாலாட்டுவது உங்களைக் கண்ட சந்தோஷத்தில். வலி இல்லை என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. மாடு பட்டிக்குத் திரும்பும் நேரம் படலைக்கு ஓடுகிற நாய் இப்போது எழும்பாமல் கிடக்கிறதா? இரவில் இடம் மாறி மாறிப் படுக்கிறதா? குளிர்ந்த நேரத்திலும் மூச்சு வாங்குகிறதா? பூனை இன்னும் கள்ளம். நெல்மூட்டையில் பாய்ந்து ஏறுவதை நிறுத்தும். உடம்பை நக்கித் துப்புரவாக்காமல் மயிர் சடைபிடிக்கும். வாயில் புற்று என்றால் சாப்பாட்டுக் கோப்பை வரை வந்து மணந்துவிட்டுத் திரும்பும், வீணி வடியும். பூனையின் முகத்தைப் பார்த்தே வலியை மதிப்பிடும் முறை ஒன்றை மொன்றியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019 இல் வெளியிட்டார்கள். காது, கண், மூஞ்சி, மீசை, தலையை வைத்திருக்கும் விதம் ஆகிய ஐந்தையும் அதில் பார்க்கிறோம். காது வெளிப்பக்கம் திரும்பி, கண் இடுங்கி, தலை தோளுக்குக் கீழே தாழ்ந்திருந்தால் வலி இருக்கிறது. என் மேசையில் ஏறியதும் பயத்தில் எல்லாம் மறைந்துபோகும். வீட்டில் கிடக்கிறபடியே போனில் வீடியோ எடுத்து வாருங்கள்.

இனி பனடோல், அதாவது பரசிற்றமோல். பூனைக்கு அது நஞ்சு. "சின்னத் துண்டுதான் டொக்டர்" என்பார்கள். 500 மில்லிகிராம் குளிசையில் பாதியே ஒரு பூனையைக் கொல்லப் போதும். பரசிற்றமோலை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் தன்மையை இழக்கும், முரசு மண்ணிறமாகும், முகமும் பாதமும் வீங்கும். கொடுத்துவிட்டீர்கள் என்றால் வெட்கப்படாமல் உடனே சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டு, ஆனால் நேரம் முக்கியம். நாய்க்கு இபுபுறொபன், டைக்குளோபெனாக் இரண்டும் வேண்டாம். குடற்புண் வந்து கறுப்பாக மலம் போகும், சிறுநீரகமும் பழுதாகும்.

நாங்கள் வழக்கமாகத் தொடங்குவது மெலொக்சிகாம் போன்ற, விலங்குகளுக்கென்றே அளவு தெரிந்த மருந்தில். சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும், தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். பிரெட்னிசலோன் என்ற ஸ்ரெறொயிட் மருந்து எடுக்கிற நாய்க்கு இதைச் சேர்த்துக் கொடுக்கக்கூடாது. சத்தி எடுத்தாலோ மலம் கறுத்தாலோ நிறுத்திவிட்டு அழையுங்கள். நரம்பை அழுத்தும் கட்டி என்றால் கபாபென்ரின் சேர்ப்போம். முதல் சில நாள் தூங்கி வழியும், தள்ளாடும், பயப்பட வேண்டாம். ஆனால் மனிதருக்கான பாணி மருந்தை வாங்காதீர்கள், சிலவற்றில் இருக்கும் சைலிட்டோல் என்ற இனிப்பு நாய்க்கு நஞ்சு. ட்ரமடோல் கேட்டு வருகிறவர்கள் அதிகம். நாயின் உடல் அதிலிருந்து வலியைத் தணிக்கும் பொருளை மிகக் குறைவாகவே உண்டாக்குகிறது. அதை மட்டும் நம்பியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எந்த மருந்தானாலும் வலி வந்தபிறகு கொடுப்பதல்ல, மணிக்கணக்குப் பார்த்துக் கொடுப்பது.

அல்சேஷன், றொட்வைலர் போன்ற பெரிய நாய்களுக்குக் கால் எலும்பில் வரும் புற்று வேறு கதை. அந்த வலிக்குக் குளிசை போதாமல் போகும்; காலை எடுத்துவிட்டால் நிற்கும். நோய் அதற்குள் நெஞ்சுக்குப் பரவியிருக்கக்கூடும், ஆனால் வலி நிற்கும். மூன்று காலோடு எப்படி வாழும் என்று வேறிடங்களில் நிறைய விளக்க வேண்டும். போரில் காலை இழந்த எத்தனையோ பேர் வயலும் கடையும் பார்க்கிற இந்த மண்ணில் அவ்வளவு விளக்கம் தேவைப்படுவதில்லை.

முலைக்கட்டி வெடித்துப் புண்ணானால் எங்கள் வெக்கைக்கு இலையான் மொய்த்துப் புழு வைக்கும். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். உப்புத் தண்ணீரால் கழுவி, துணியால் மூடிக் கொண்டுவாருங்கள். அந்தப் புண்ணின் எரிவும் புற்றுநோய் வலியில் சேர்த்திதான்.

மருந்து போட்டும் தூங்காமல், சாப்பிடாமல், எழும்ப முடியாமல் கிடந்தால் ஊசி போட்டு வலியில்லாமல் சாகவிடுவதைப் பற்றிப் பேசுவோம். முதலில் மயக்குவோம், பிறகுதான் மற்றது. பாவம் பிடிக்கும் என்று தள்ளிப்போடுகிறவர்களை நான் வற்புறுத்துவதில்லை. வலிமருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள் என்கிறேன். அது செத்தபிறகு மிஞ்சிய போத்தலை அடுத்த வீட்டுப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு எழுதிய அளவு பூனையின் சிறுநீரகத்துக்குத் தாங்காது.